வகை சொல்லாத சுட்டியும் மொட்டைமாடியில் நான்கு டாங்கிகளும்

கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் மாடிக்குடியிருப்பின் மொட்டைமாடியில் ஆயிரம் லீற்றர் கறுப்பு டாங்கிகள் நான்கு இருக்கின்றன. கடற்கரைப் பக்கம் இரண்டு, காலி வீதிப் பக்கம் இரண்டு. ஒவ்வொன்றும் ஒரு வரிசை வீடுகளுக்குத் தண்ணீர் கொடுக்கிறது. கீழே நிலத்தடித் தாங்கியிலிருந்து ஒரே ஒரு பம்ப்தான் நான்குக்கும் ஏற்றும். நல்ல காலத்தில் இதைப் பற்றி யாரும் யோசித்ததில்லை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்தபோது எல்லோரும் யோசிக்கத் தொடங்கினோம். கரண்ட் இருக்கும் கொஞ்ச நேரத்துக்குள் எந்த டாங்கி காய்ந்து கிடக்கிறது என்று பார்த்து, அதற்கு முதலில் ஏற்ற வேண்டும். இரவு பதினொரு மணிக்கு டோர்ச் லைற்றோடு ஏணியில் ஏறி மூடியைத் திறந்து பார்ப்பதுதான் அப்போதிருந்த ஒரே வழி.

இரண்டாம் மாடி அங்கிள் ஒருநாள் படியில் மறித்துக் கேட்டார். "தம்பி, நீர் கொம்பியூட்டர் வேலை செய்யிற ஆள்தானே. டாங்கியில எவ்வளவு தண்ணி கிடக்கெண்டு கீழ இருந்தே பாக்க ஒரு வழி செய்யேலாதோ?"

"ஓம் அங்கிள், செய்யலாம்" என்றேன்.

அந்த ஓம்தான் சி என்ற நிரல்மொழியின் ஒரு சின்ன விஷயத்தை எனக்குச் சரியாகப் படிப்பித்தது. வொய்ட் பொயின்டர், அதாவது நினைவகத்தில் ஓர் இடத்தைக் காட்டி அங்கே என்ன வகைத் தரவு என்று சொல்லாத சுட்டி, என்பதைப் பல்கலைக்கழகத்தில் படித்திருந்தேன். பரீட்சையில் எழுதியும் இருந்தேன். அது எதற்காக இருக்கிறது என்பது விளங்கியது மொட்டைமாடியில்தான். இதைத் தமிழில் விரிவாக எழுதி வைக்க வேண்டும் என்று நெடுநாளாக ஆசை. மைக்ரோகொன்ட்ரோலர் (சாமான்களை இயக்கும் சின்னக் கணினிச் சிப்) பழகும் நம் பிள்ளைகள் பலர் இந்த இடத்தில் வந்து நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். கோட் என்னும் நிரலை எங்கிருந்தோ எடுத்து ஒட்டுவார்கள், அது ஓடும், ஏன் ஓடுகிறது என்று தெரியாது. பிறகு ஒருநாள் ஓடாது.

முதலில் சாமான் பற்றிக் கொஞ்சம். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஏறி இறங்கி ஈஎஸ்பி32 என்ற மைக்ரோகொன்ட்ரோலர் போர்ட் ஒன்றும், நீர் புகாத அல்ட்ராசொனிக் சென்சர் நான்கும் வாங்கினேன். அந்த நாட்களில் ஒவ்வொரு சாமானும் பார்த்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஆண்டுத் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் நின்ற டொலர் மே மாதத்துக்குள் 360 ரூபாயைத் தொட்டிருந்தது. ஒரு போர்ட் எரிந்தால் இன்னொன்று என்று யோசிக்க முடியாது. அதனால்தான் சென்சரின் 5 வோல்ட் பதிலை ஈஎஸ்பி32 தாங்கும் 3.3 வோல்ட்டுக்கு இறக்க ஒவ்வொரு கம்பியிலும் இரண்டு ரெசிஸ்டர் வைத்துவிட்டுத்தான் முதல் தடவை கரண்ட் கொடுத்தேன்.

சென்சர் வேலை செய்யும் விதம் எளிது. 10 மைக்ரோசெக்கனுக்கு ஒரு துடிப்புக் கொடுத்தால் அது 40 கிலோஹேர்ட்ஸ் ஒலியைக் கீழே அனுப்பும். ஒலி தண்ணீரில் பட்டுத் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறதோ அவ்வளவு நேரம் சென்சரின் எக்கோ பின்னில் (பதில் தரும் கம்பிமுனையில்) மின்னழுத்தம் உயர்ந்து நிற்கும். 58 மைக்ரோசெக்கனுக்கு ஒரு சென்ரிமீற்றர் என்று கணக்கு. தண்ணீர் ஒரு மீற்றர் கீழே இருந்தால் கிட்டத்தட்ட 5.8 மில்லிசெக்கன். நம் கண்ணுக்கு அது ஒன்றுமே இல்லை. ஒரு மைக்ரோகொன்ட்ரோலருக்கோ அது பெரிய காத்திருப்பு. ஒரு செக்கனில் கோடிக்கணக்கான கட்டளைகளைச் செய்யக்கூடிய சாமானை ஒரு பின்னைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க வைக்கக் கூடாது.

அதற்குத்தான் இன்டரப்ட். எக்கோ பின் மாறும் நேரத்தில் செய்கிற வேலையை நிறுத்திவிட்டு, நாங்கள் முன்கூட்டியே சொல்லிவைத்த ஃபங்ஷனை (ஒரு வேலையைச் செய்யும் கோட் துண்டை) மைக்ரோகொன்ட்ரோலர் கூப்பிடும். சொல்லிவைத்தவர் நாங்கள், கூப்பிடுவது அது. இதைத்தான் கோல்பேக் என்கிறார்கள்.

என் முதல் பதிப்பு, மைக்ரோகொன்ட்ரோலருக்கு எளிதாகக் கோட் எழுத உதவும் ஆர்டுயினோவின் பாணியில் இருந்தது. அங்கே அட்டாச் இன்டரப்ட் என்ற ஃபங்ஷன் மூன்று விஷயம் கேட்கும்: எந்தப் பின், எந்த ஃபங்ஷன், எந்த மாற்றத்துக்கு. நாங்கள் கொடுக்கும் ஃபங்ஷன் எதையும் வாங்காது, எதையும் தராது. அதைக் கூப்பிடும்போது எந்தப் பின்னுக்காகக் கூப்பிடுகிறோம் என்றும் சொல்லப்படாது. எனக்கோ நான்கு பின். ஆகவே நான்கு ஃபங்ஷன் எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் தொடக்க நேரம் ஒன்று, துடிப்பின் அகலம் ஒன்று, எல்லாம் கோட் முழுவதற்கும் பொதுவான குளோபல் மாறிகள். முதலாவதை எழுதி, மூன்று தடவை ஒட்டி, உள்ளே இருந்த 1ஐ 2, 3, 4 என்று மாற்றினேன்.

மூன்றாவதில் ஒரே ஒரு இலக்கத்தை மாற்ற மறந்துவிட்டேன். மூன்றாம் டாங்கியின் அகலம் இரண்டாம் டாங்கியின் பெட்டியில் போய் விழுந்துகொண்டிருந்தது. மூன்றாவதன் சொந்தப் பெட்டி எப்போதும் பூச்சியம். பூச்சியம் தூரம் என்றால் தண்ணீர் சென்சரைத் தொட்டு நிற்கிறது, அதாவது டாங்கி நிரம்பியிருக்கிறது என்று என் கோட் முடிவெடுத்தது. அந்த டாங்கிக்குத் தண்ணீர் விட என் கோட் திறக்க வேண்டிய வால்வு திறக்கவே இல்லை. இந்த வகைச் சென்சர் 20 சென்ரிமீற்றருக்கும் கிட்ட இருப்பதை அளக்கவே மாட்டாது. ஆகவே பூச்சியத்தை நான் பழுது என்றுதான் எடுத்திருக்க வேண்டும். அது வேறு பாடம். இரண்டாம் நாள் காலை ஆறரை மணிக்குக் காலி வீதிப் பக்கத்து வரிசையில் குழாயில் காற்று வந்தது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருக்கிற வீடுகள். வாளி வாளியாகப் படியில் தண்ணீர் ஏற்றிக் கொடுத்தோம். யாரும் என்னை ஏசவில்லை, அதுதான் எனக்குப் பெரிய பாரமாக இருந்தது.

அன்றிரவு அந்த இலக்கத்தைத் திருத்திவிட்டுப் படுத்திருக்கலாம். வேலை செய்திருக்கும். ஆனால் நான்கு தடவை ஒரே விஷயத்தை எழுதினால் ஒரு தடவை பிழை வரத்தான் செய்யும். நாளைக்கு ஐந்தாவது சென்சர் வந்தால் ஐந்தாவது ஃபங்ஷனா? டாங்கிகளுக்குள் வேறுபடுவது தரவு மட்டும்தான், வேலை ஒன்றுதான். ஃபங்ஷன் ஒன்றாகவும் தரவு நான்காகவும் இருக்க வேண்டும். கூப்பிடும் நேரத்தில் "இது மூன்றாம் டாங்கிக்கு" என்று யாராவது அதற்குச் சொன்னால் போதும்.

ஈஎஸ்பி32க்கான ஆர்டுயினோவில் அதற்கு வழி இருந்தது. அட்டாச் இன்டரப்ட் ஆர்க் என்று இன்னொரு ஃபங்ஷன். முன்னையதைப் போலவேதான், கூடுதலாக ஒரு இடம் மட்டும் இருக்கும். அந்த இடத்தின் வகை வொய்ட் ஸ்டார், அதாவது வொய்ட் பொயின்டர். நாங்கள் அங்கே எதைக் கொடுக்கிறோமோ அதைப் பத்திரமாக வைத்திருந்து, இன்டரப்ட் வரும்போது எங்கள் ஃபங்ஷனுக்கு அப்படியே நீட்டும்.

இப்போது என் கோட்டில் டாங்கி என்று ஒரு ஸ்ட்ரக்ட் (பல தரவுகளை ஒன்றாகக் கட்டிய தொகுப்பு) இருக்கிறது. உள்ளே பின் இலக்கம், தொடக்க நேரம், அகலம், புதிதாக அளவு வந்ததா என்ற கொடி, டாங்கியின் உயரம். அப்படி நான்கைக் கொண்ட ஒரு வரிசை. ஒரே ஒரு கோல்பேக் ஃபங்ஷன். அதன் முதல் வரி, வந்த வொய்ட் பொயின்டரை டாங்கி பொயின்டராக மாற்றுகிறது. அதற்குப் பிறகு எல்லாம் அந்த டாங்கியின் சொந்தப் பெட்டிக்குள் நடக்கிறது. பின் உயர்ந்தால் நேரத்தைக் குறி, தாழ்ந்தால் கழித்து எழுது, கொடியைத் தூக்கு, வெளியே வா. நான்கு தடவை ஒட்டிய கோட் ஒரு தடவையாகிவிட்டது. இன்டரப்டுக்குள் இருந்து எழுதி வெளியே இருந்து வாசிக்கும் உறுப்புகளுக்கு வொலட்டைல் போட வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். போடாவிட்டால், எங்கள் கோட்டை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் கொம்பைலர் பழைய மதிப்பையே கையில் வைத்துக்கொண்டு திரும்பப் பார்க்காமல் விடலாம்.

என் அக்காவின் மகள் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வருவாள். இந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு அவள் கேட்ட கேள்வி எனக்குப் பிடித்திருந்தது.

"மாமா, வொய்ட் எண்டால் வெறுமைதானே. வெறுமை எண்டு பேர் வச்சிட்டு அதுக்குள்ள ஏன் எங்கட டாங்கியப் போடுறீங்கள்?"

நான் பஸ்ஸை வைத்துச் சொன்னேன். யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா எங்களுக்குச் சாமான் அனுப்புவது இரவு பஸ்ஸில். ஒரு பெட்டியைக் கட்டி, மேலே என் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் எழுதிக் கொண்டக்டரிடம் கொடுத்துவிடுவா. விடியப்புறம் காலி வீதியில் பஸ் நிற்கும்போது அவர் எனக்குப் போன் அடிப்பார்: "அண்ணை, உங்கட பார்சல் வந்திருக்கு, வாங்கோ." நான் இறங்கிப் போய் வாங்குவேன். உள்ளே முருங்கைக்காயா, ஒடியல் மாவா, நல்லெண்ணெய்ப் போத்தலா என்று கொண்டக்டருக்குத் தெரியாது. தெரியத் தேவையும் இல்லை. கொடுத்த அம்மாவுக்கும் வாங்கும் எனக்கும் தெரிந்தால் போதும். கொண்டக்டர் பெட்டியை உடைத்துப் பார்க்காமல் கொண்டுவந்து தருகிறார் என்பதில்தான் அந்த ஏற்பாடு முழுவதும் நிற்கிறது. முருங்கைக்காய்க்கு ஒரு பஸ், மாம்பழத்துக்கு ஒரு பஸ் என்று விட்டால் யாழ்ப்பாண வீதி தாங்காது.

இன்டரப்ட் லைப்ரரியை எழுதியவர் அந்தக் கொண்டக்டர் மாதிரி. அவர் அதை எழுதும்போது என் டாங்கி பிறக்கவே இல்லை. டாங்கி என்ற வகை அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. அதனால்தான் "எதுவாகவும் இருக்கட்டும், நான் திறக்க மாட்டேன், கொண்டுவந்து தருவேன்" என்று ஒரு இடத்தை விட்டு வைத்திருக்கிறார். அந்த வாக்குறுதியின் பெயர் வொய்ட் ஸ்டார். அவர் திறக்க நினைத்தாலும் கொம்பைலர் விடாது. வொய்ட் பொயின்டரின் வழியாக நேரே எதையும் வாசிக்க முடியாது, அங்கே எத்தனை பைட் இருக்கிறது என்பதே அதற்குத் தெரியாதே.

அவள் விடவில்லை. "அப்ப பொயின்டர் விலாசம்தானே மாமா. கொண்டக்டர் பெட்டியக் கொண்டு வரேல்ல, பெட்டி இருக்கிற இடத்தின்ட விலாசத்த எழுதின துண்டத்தானே கொண்டு வாறார்?"

சரியாகப் பிடித்துவிட்டாள். அந்தத் துண்டு விஷயத்துக்குக் கீழே வருகிறேன், என்னை மூன்று இரவு தூங்கவிடாமல் செய்தது அதுதான். அதற்கு முன் பெயர் பற்றி ஒரு வார்த்தை.

தமிழில் சிலர் வொய்ட் பொயின்டரை வெற்றுச் சுட்டி என்று எழுதுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. வெற்று என்றதும் எதையும் காட்டாத நல் (null) பொயின்டர்தான் மனதில் வரும். வொய்ட் பொயின்டர் ஓர் இடத்தை நன்றாகவே காட்டுகிறது, அங்கே இருப்பது என்ன வகை என்பதை மட்டும் சொல்லாமல் விடுகிறது. வகை சொல்லாத சுட்டி என்றால் பொருந்தும். சுட்டி என்ற சொல்லை மட்டும் நான் விடவே மாட்டேன். இலக்கணத்தில் அ, இ, உ என்று மூன்று சுட்டெழுத்து. அவற்றில் உ எங்கள் ஊர்ப் பேச்சில் இன்னும் உயிரோடு இருக்கிறது. அப்பா ரேடியோ திருத்திக்கொண்டிருக்கும்போது தலை நிமிராமல் "உதை இஞ்சால எடு" என்பார். உது ஸ்குரூ டிரைவராக இருக்கலாம், குறடாக இருக்கலாம், சோல்டரிங் கம்பியாக இருக்கலாம். பக்கத்தில் நின்று வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்குத்தான் அது எது என்று தெரியும். அப்போதுதான் உள்ளே வந்தவன் கையில் உது என்ற சொல் பயனில்லை. வொய்ட் பொயின்டரும் அப்படித்தான். பொருள் சொல்லில் இல்லை, கொடுத்தவரும் எடுப்பவரும் சேர்ந்து வைத்திருக்கும் ஞாபகத்தில் இருக்கிறது.

சி மொழிக்கும் இந்தச் சொல் பிறவியிலேயே வந்ததில்லை. 1970களில் பெல் ஆய்வுகூடத்தில் டெனிஸ் ரிட்சி அந்த மொழியை உருவாக்கிய காலத்தில் வகை தெரியாத இடத்தைக் காட்ட கேரக்டர் பொயின்டரைத்தான் பயன்படுத்தினார்கள். நினைவகம் கேட்டு மெலொக்கைக் கூப்பிட்டால் அதுவும் கேரக்டர் பொயின்டரைத்தான் தந்தது. எழுத்துகளைக் காட்டும் சுட்டியா, ஏதோ ஒன்றைக் காட்டும் சுட்டியா என்று வாசிப்பவர் ஊகிக்க வேண்டும். 1989இல் அமெரிக்கத் தரநிலை நிறுவனம் வெளியிட்ட ஆன்சி தரம்தான் வொய்ட் ஸ்டாருக்கு முறையான இடம் கொடுத்தது. "இங்கே வகை சொல்லப்படவில்லை" என்பதையே வெளிப்படையாகச் சொல்ல ஒரு வழி கிடைத்தது. எனக்கு அது பெரிய நாகரிகமாகத் தெரிகிறது.

சரி, அந்தத் துண்டு.

இரண்டாம் பதிப்பு நன்றாக ஓடியது. கொஞ்ச நாளில் கோட்டைச் சுத்தமாக அடுக்குவோம் என்று சென்சர்களைப் பதிவு செய்யும் பகுதியைத் தனி ஃபங்ஷனாகப் பிரித்தேன். பிரிக்கும்போது, வெளியே இருந்த டாங்கி வரிசையை எடுத்துவிட்டு, சுழற்சிக்குள்ளேயே ஒரு டாங்கியை உருவாக்கி, பின் இலக்கத்தை நிரப்பி, அதன் விலாசத்தை அட்டாச் இன்டரப்ட் ஆர்க்குக்குக் கொடுத்தேன். பார்க்க அழகாக இருந்தது. கொம்பைலர் ஒரு எச்சரிக்கைகூடக் கொடுக்கவில்லை. மேசையில் வைத்துப் பார்த்தபோது முதல் சில செக்கன் ஏதோ இலக்கங்கள் வந்தன. வைஃபை இணையத் தொடங்கியதும் போர்ட் விழுந்து எழும்பியது. திரும்ப விழுந்தது. திரையில் குரு மெடிடேஷன் எரர் என்று ஒரு வரி, கீழே ரெஜிஸ்டர்கள் வரிசையாக. அந்த விசித்திரமான பெயர் பழைய அமிகா கணினியின் பிழைச் செய்தியிலிருந்து வந்தது. ஈஎஸ்பி32 அதை எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறது.

முதல் இரவு மின் வழங்கியைச் சந்தேகித்தேன். இரண்டாம் இரவு வைஃபையை. வைஃபையை நிறுத்தினால் விழுவதில்லையே, அப்போ அதுதான் பிழை என்று நம்பிவிட்டேன். மூன்றாம் இரவுதான் ஒவ்வொரு டாங்கியின் விலாசத்தையும் அச்சடித்துப் பார்த்தேன். நான்கும் ஒரே விலாசம்.

லொட்ஜ் அறை மாதிரி யோசித்துப் பாருங்கள். ஊரிலிருந்து பாஸ்போர்ட் வேலையாகக் கொழும்புக்கு வருகிறவர் வெள்ளவத்தை லொட்ஜில் ஏழாம் அறையில் இரண்டு நாள் தங்குகிறார். தன் விலாசம் என்று அந்த அறையை எழுதிக் கொண்டக்டரிடம் கொடுத்துவிட்டு, வேலை முடிந்து ஊருக்குப் போய்விடுகிறார். அடுத்த கிழமை துண்டு வருகிறது. ஏழாம் அறை அங்கேதான் இருக்கிறது, விலாசத்தில் பிழை இல்லை. உள்ளே இருப்பவர்தான் வேறு. ஃபங்ஷனுக்குள் பிறக்கும் சாதாரண மாறி ஸ்டாக் என்ற லொட்ஜில் தங்குகிறது. ஃபங்ஷன் முடிந்ததும் அறை அடுத்தவருக்கு. என் சுழற்சி நான்கு தடவையும் ஒரே அறையைத்தான் திறந்து மூடியது, அதனால்தான் நான்கும் ஒரே விலாசம். பதிவு முடிந்து திரும்பியதும் அந்த இடத்தை வைஃபை இணைக்கும் ஃபங்ஷன் தன் கணக்குகளுக்கு எடுத்துக்கொண்டது. அப்போது எக்கோ வந்தது. என் கோல்பேக் நேராகப் போய், தன் டாங்கி என்று நினைத்து, அடுத்தவரின் பெட்டிக்குள் மைக்ரோசெக்கன்களை எழுதியது. திரும்பிப் போக வேண்டிய இடத்தின் குறிப்பு அதில் அழிந்தால் போர்ட் விழாமல் என்ன செய்யும்? வைஃபை மேல் எந்தக் குற்றமும் இல்லை. அது தனக்குக் கொடுக்கப்பட்ட அறையில் தங்கியது.

இந்தப் பிழையில் மிகக் கெட்ட விஷயம், அது உடனே வெளியே தெரியாததுதான். அறை காலியாக இருக்கும்வரை பழைய சாமான் அப்படியே கிடக்கும், இலக்கங்கள் கிட்டத்தட்டச் சரியாகவே வரும். சம்பந்தமே இல்லாத வேறொரு கோட்டைச் சேர்க்கும் நாளில் விழும். ஆகவே கோல்பேக்குக்கு எதைக் கொடுத்தாலும் நான் முதலில் கேட்கும் கேள்வி, இந்த இடம் கடைசிக் கோல் வரும்வரை என்னுடையதாக இருக்குமா என்பதுதான். குளோபல் அல்லது ஸ்டாட்டிக் மாறி சொந்த வீடு மாதிரி, போர்ட்டில் கரண்ட் இருக்கும்வரை இருக்கும். மெலொக்கில் எடுத்தது வாடகை வீடு. நாங்களாகச் சாவியைத் திருப்பிக் கொடுக்கும்வரை எங்களுடையது. ஆனால் சாவி கொடுக்குமுன் கோல்பேக்கைக் கழற்றிவிட வேண்டும். இரண்டையும் முன்பின்னாகச் செய்தால் திரும்பவும் ஏழாம் அறைக் கதைதான்.

வாழ்நாள் ஒரு பக்கம் என்றால் வகை இன்னொரு பக்கம். கொடுக்கும் இடத்திலும் எடுக்கும் இடத்திலும் ஒரே வகையாக இருக்கிறதா என்று பார்க்க இனி கொம்பைலர் வராது. நான் ஒருதடவை டாங்கியின் விலாசத்துக்குப் பதிலாக, டாங்கியைக் காட்டும் பொயின்டரின் விலாசத்தைக் கொடுத்துவிட்டேன். விலாசத்தை எடுக்கும் அம்பர்சண்ட் (&) குறி ஒன்று கூடிவிட்டது. தரவைக் காட்டும் சாதாரணப் பொயின்டர் எதுவும் வொய்ட் பொயின்டராகச் சத்தமில்லாமல் மாறிக்கொள்ளும் என்பதால் எல்லாம் சரி என்றே கொம்பைலர் சொன்னது. அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். ஸ்ட்ரக்டின் முதல் உறுப்பாக ஓர் அடையாள எண், ஆங்கிலத்தில் டாங்க் என்ற சொல்லின் நான்கு எழுத்துகளுக்குரிய ஆஸ்கி எண்கள். கோல்பேக் உள்ளே நுழைந்ததும் அதைப் பார்க்கும். பொருந்தாவிட்டால் ஒன்றையும் தொடாமல் வெளியே வந்துவிடும். நான்கு பைட்தான் செலவு.

சிக்கும் சி ப்ளஸ் ப்ளஸுக்கும் இங்கே ஒரு வித்தியாசம் உண்டு. சியில் வொய்ட் பொயின்டரை டாங்கி பொயின்டருக்குள் நேரே வைக்கலாம். சி ப்ளஸ் ப்ளஸ் அப்படி விடாது, வகையை மாற்றுகிறேன் என்று எழுத்தில் சொல்ல வேண்டும். ஆர்டுயினோ கோட் சி ப்ளஸ் ப்ளஸ்ஸாகத்தான் கொம்பைல் ஆகிறது. சி உதாரணத்தைப் பார்த்து எழுதிவிட்டு ஏன் பிழை காட்டுகிறது என்று பலர் முழிப்பது இதனால்தான். லாம்டா (தேவைப்படும் இடத்திலேயே எழுதும் பெயரில்லாத ஃபங்ஷன்) தெரிந்தவர்கள் அதையே கோல்பேக்காகக் கொடுக்கப் பார்ப்பார்கள். வெளியிலிருந்து எதையும் பிடித்து வைக்காத லாம்டா மட்டும்தான் சாதாரண ஃபங்ஷன் பொயின்டராக மாறும்.

சின்ன எண் ஒன்றை மட்டும் அனுப்ப வேண்டுமென்றால் சிலர் அந்த எண்ணையே பொயின்டர் மாதிரி வேஷம் கட்டி அனுப்புவார்கள். விலாசம் அடங்கும் அளவுள்ள எண் வகையான யூஇன்ட்பிடிஆர் வழியாகச் செய்தால் நடைமுறையில் ஓடும். உள்ளே இடமே இல்லை, இலக்கம் மட்டும்தான் என்பதால் வாழ்நாள் பிரச்சினையும் இல்லை. நானும் செய்திருக்கிறேன். ஆனால் பிறகு வாசிக்கிற ஒருவர் அதை விலாசம் என்று நினைத்துத் திறந்து பார்த்தால் கதை முடிந்தது. அதனால் ஒரு வரிக் குறிப்பு எழுதாமல் நான் செய்வதில்லை.

இதைப் பழகிய பிறகு எங்கே பார்த்தாலும் அந்த ஒற்றை இடம் கண்ணில் படுகிறது. மைக்ரோகொன்ட்ரோலர்களுக்கான சின்ன இயங்குதளமான ஃப்ரீஆர்டொஸில் புதிய டாஸ்க் உருவாக்கினால் அதற்கு ஒரு வொய்ட் பொயின்டர் கொடுக்கலாம். அந்த அளவுருவின் பெயர் தொடங்கும் பீ, வீ என்ற இரண்டு எழுத்துகளே பொயின்டர், வொய்ட் என்பதைத்தான் சொல்கின்றன. அதே ஃப்ரீஆர்டொஸின் மென்பொருள் டைமர் கோல்பேக் நேரடியாக நம் சாமானைத் தராது, டைமரின் கைப்பிடியை (எந்த டைமர் என்று குறிக்கும் ஹாண்டிலை) மட்டும் தரும். டைமரை உருவாக்கும்போது அடையாளம் என்ற பெயரில் வைத்த வொய்ட் பொயின்டரை அதனிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். சுற்றுவழிதான், ஆனாலும் வழி இருக்கிறது. இன்னொரு மைக்ரோகொன்ட்ரோலர் குடும்பமான எஸ்டிஎம்32இன் ஹால் லைப்ரரியில் சீரியல் தரவு வந்ததும் கூப்பிடப்படும் ஃபங்ஷனுக்கு அந்த சீரியல் போர்ட்டின் கைப்பிடி வரும், நமக்கென்று தனி இடம் இல்லை. அதை வைத்திருப்பவர்கள் கைப்பிடியையே தம் ஸ்ட்ரக்டின் முதல் உறுப்பாக வைத்து, அதன் விலாசத்திலிருந்து முழு ஸ்ட்ரக்டையும் பிடிக்கிறார்கள். முதல் உறுப்பின் விலாசமும் ஸ்ட்ரக்டின் விலாசமும் ஒன்றே என்று சி உறுதி தருவதால் அது செல்லும்.

இடமே விடாதவையும் இருக்கின்றன. சியின் நியம வரிசைப்படுத்தும் ஃபங்ஷனான கியூசோர்ட் நல்ல உதாரணம். இரண்டு உருப்படிகளை ஒப்பிடும் ஃபங்ஷனைக் கொடுக்கலாம், அந்த ஃபங்ஷனுக்கு வேறு எதையும் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாது. "இந்த இடத்திலிருந்து யார் கிட்ட" என்று வரிசைப்படுத்த வேண்டுமானால் அந்த இடத்தைக் குளோபலில் வைக்க வேண்டியிருக்கும். அதனால்தான் குனூ லைப்ரரியில் கியூசோர்ட் ஆர் என்று, கூடுதல் வொய்ட் பொயின்டர் ஏற்கும் இன்னொன்று வந்தது.

இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. கோல்பேக் ஏற்கும் எந்த லைப்ரரியும் அந்த ஒரு இடத்தைக் கட்டாயம் விட்டுவைக்க வேண்டும். "எங்கள் ஆட்களுக்கு ஒரு சென்சர்தானே, எதற்கு" என்று நினைத்து அதை விடுகிறவர், தன்னைப் பயன்படுத்தும் எல்லோரையும் குளோபல் மாறிகளை நோக்கித் தள்ளுகிறார். அவர்கள் நான்கு தடவை ஒட்டுவார்கள், மூன்றாவதில் ஒரு இலக்கத்தை மறப்பார்கள், எங்கோ ஒரு வீட்டில் குழாயில் காற்று வரும். செலவு என்ன? ஆர்டுயினோ ஊனோவில் இருக்கும் ஏடிமெகா328பியில் ரேம் 2 கிலோபைட்தான், அங்கேகூட ஒரு பொயின்டர் 2 பைட். ஈஎஸ்பி32இல் 4 பைட். ஒட்டி ஒட்டி எழுதும் நான்கு ஃபங்ஷன்கள் பிடிக்கும் இடத்தோடு பார்த்தால் அது கணக்கிலேயே வராது. நான் சின்னதாக ஒரு பட்டன் லைப்ரரி எழுதினாலும் இப்போது முதலில் அந்த இடத்தை வைத்துவிட்டுத்தான் மிச்சத்தை எழுதுகிறேன்.

மருமகள் போன மாதம் தன் பாடவேலைக்கு மூன்று மோட்டார்களை ஓட்டும் கோட் எழுதிக் கொண்டுவந்து காட்டினாள். கோல்பேக் ஒன்று, மோட்டார் ஸ்ட்ரக்ட் மூன்று, எல்லாம் ஸ்டாட்டிக். பதிவு செய்யும் வரிக்கு மேலே "இது லொட்ஜ் அறை அல்ல" என்று தமிழில் ஒரு குறிப்பு எழுதியிருந்தாள்.

மொட்டைமாடிப் பெட்டி இன்னும் ஓடுகிறது. இரண்டாம் மாடி அங்கிள் காலையில் தேத்தண்ணியோடு தொலைபேசியில் நான்கு டாங்கிகளின் அளவைக் காட்டும் கோடுகளையும் பார்த்துவிட்டுத்தான் பேப்பரை எடுக்கிறார். கோடு ஏதும் அசையாமல் நின்றால் அரை மணித்தியாலத்துக்குள் எனக்கு அடிப்பார். இப்போது நிலத்தடித் தாங்கிக்கும் ஒரு சென்சர் வேண்டுமென்று கேட்டிருக்கிறார், அது காய்ந்திருக்கும்போது பம்ப் ஓடினால் பம்ப் எரிந்துவிடும் என்ற பயம் அவருக்கு. கோட்டில் வரிசையின் நீளத்தை ஐந்தாக்கி, ஐந்தாவது டாங்கிக்கு ஒரு வரி சேர்த்தாகிவிட்டது. சென்சர் மேசையில் இருக்கிறது. நிலத்தடித் தாங்கியின் மூடிக்கும் நிரம்பிய தண்ணீருக்கும் இடையில் 20 சென்ரிமீற்றர் இல்லாததால் அதைக் கொஞ்சம் உயர்த்தி வைக்க ஒரு குழாய்த் துண்டு வெட்ட வேண்டும். வருகிற போயா (பௌர்ணமி விடுமுறை) நாளில் அங்கிளும் நானும் சேர்ந்து பூட்டுவதாக இருக்கிறோம்.